வெட்டுப்புள்ளியும் கூடைப்பந்தும்

போட்டியில் யார் வென்றார் என்பதை எல்லாப் பத்திரிகைகளும் எழுதுகின்றன. அந்தப் போட்டியில் விளையாட யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, அதைத் தீர்மானித்தவர் யார் என்று எழுதுவோர் குறைவு. நீண்ட காலம் பத்திரிகைக் காரியாலயங்களில் இருந்தவன் என்ற வகையில், விளையாட்டுப் பக்கத்தின் உண்மையான அரசியல் இந்த இரண்டாவது கேள்வியிலேயே இருக்கிறது என்பது எனது எண்ணம்.

இதற்கு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தைப்போல் பொருத்தமான உதாரணம் வேறில்லை. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாத நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அங்கே தொலைக்காட்சியில் ஒரு பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படுகிறது. முதற்பிரிவில் விளையாடும் 350க்கும் அதிகமான கல்லூரி அணிகளிலிருந்து, பருவத்தின் முடிவில் நடைபெறும் தேசியச் சுற்றுப்போட்டிக்குத் தெரிவானவை எவை என்பதை அறிவிக்கும் பட்டியல் அது. அந்த நாளுக்கே 'தெரிவு ஞாயிறு' என்று பெயர். புலம்பெயர்ந்த நம்மவர்களின் பிள்ளைகளும் நண்பர்களோடு சேர்ந்து வெற்றி தோல்விகளை முன்கூட்டியே எழுதி நிரப்புகிறார்கள். பராக் ஒபாமா ஜனாதிபதியாக இருந்தபோது ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் தோன்றி அதை நிரப்பிக் காட்டினார்.

பாலாவியில் வசிக்கும் ஒருவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். கற்பிட்டி வீதி பிரிந்து செல்லும் சந்தியும், புகையிரத நிலையமும், உப்பளங்களும் உள்ள ஊர் இது. கூடைப்பந்தாட்டத்துக்குப் பேர் பெற்ற ஊர் அன்று. ஆனால் அந்தப் பட்டியலைச் சுற்றி எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் விவாதத்தைப் படித்துச் செல்லும்போது, அதில் வரும் சொற்கள் நமக்கு மிகவும் பழக்கமானவையாக இருக்கின்றன. மாவட்டம், ஒதுக்கீடு, திறமை, வெட்டுப்புள்ளி. இலங்கையில் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முயன்ற எந்தப் பெற்றோருக்கும் இந்தச் சொற்களைப் பொருள் கூறி விளக்க வேண்டியதில்லை.

பத்திரிகையாளர்கள் தொடங்கிய போட்டி

கூடைப்பந்தாட்டம் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் உருவாக்கிய விளையாட்டு. கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்த 1906இல் தோன்றிய சங்கம், 1910இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்று பெயர் மாறியது. அதை என்.சி.ஏ.ஏ. என்று எல்லோரும் அழைக்கின்றனர். ஆயினும் கூடைப்பந்தாட்டத்துக்கு ஒரு தேசியச் சுற்றுப்போட்டி வேண்டும் என்று முதலில் செயலில் இறங்கியது அந்தச் சங்கம் அன்று. அதற்கு முன்பே பத்திரிகையாளர்கள் இறங்கினர்.

நெட் ஐரிஷ் என்பவர் நியூயோர்க்கில் விளையாட்டுச் செய்தியாளராக இருந்தவர். சிறிய கல்லூரி உள்ளரங்கு ஒன்றில் கூட்டம் நிரம்பி வழிந்ததால் யன்னல் வழியாக ஏறி உள்ளே நுழைந்தபோது அவருடைய காற்சட்டை கிழிந்தது என்றும், இந்த ஆட்டத்துக்குப் பெரிய அரங்கு வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் உதித்தது என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1934 டிசம்பரில் மடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கில் ஒரே இரவில் இரண்டு ஆட்டங்கள் என்ற முறையை அவர் தொடங்கினார். கூட்டம் திரண்டது. 1938இல் நியூயோர்க் கூடைப்பந்தாட்டச் செய்தியாளர் சங்கம் அதே அரங்கில் ஆறு அணிகளை அழைத்துத் தேசிய அழைப்புச் சுற்றுப்போட்டியை நடத்தியது. இறுதியாட்டத்தில் டெம்பிள் பல்கலைக்கழகம் கொலராடோவை 60–36 என்று வென்றது. என்.ஐ.டி. எனப்படும் அந்தப் போட்டியின் தொடக்கம் இதுதான்.

யாரை அழைப்பது என்பதைத் தீர்மானித்தவர்கள், மறுநாள் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டியவர்கள். எமது தொழிலின் தர்மத்துக்கு இது பொருந்தாது. தாம் நடத்தும் விழாவைப் பற்றித் தாமே செய்தி எழுதும் நிலையில் எந்த நிருபரும் நேர்மையாக இருப்பது கடினம். ஓரிரு ஆண்டுகளில் போட்டியின் பொறுப்பு செய்தியாளர்களிடமிருந்து நியூயோர்க் பகுதிக் கல்லூரிகளின் கூட்டமைப்பு ஒன்றுக்குச் சென்றது. அழைப்புக்கு எழுதப்பட்ட விதி இருக்கவில்லை. எந்த அணி வந்தால் அரங்கு நிறையும் என்ற கணக்கும் அதில் கலந்திருந்தது.

எட்டு மாவட்டங்கள்

நியூயோர்க்கில் ஒரு தனியார் அரங்கு தேசிய சாம்பியனை முடிவு செய்வது ஏனைய பகுதிகளின் பயிற்றுநர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்றுநர் ஹரல்ட் ஒல்சன் முன்னின்று முயல, 1939இல் பயிற்றுநர் சங்கம் என்.சி.ஏ.ஏ.யின் பெயரில் இன்னொரு போட்டியை நடத்தியது. நாடு எட்டு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு மாவட்டத்துக்கு ஓர் அணி. இலினோய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் ஒரிகன், ஒஹாயோ ஸ்டேட்டை 46–33 என்று வென்றது. பயிற்றுநர் சங்கத்துக்கு மிஞ்சியது 2,531 டொலர் நட்டம். அடுத்த ஆண்டு முதல் என்.சி.ஏ.ஏ. அந்தப் போட்டியை நேரடியாகப் பொறுப்பேற்றது.

ஆகவே ஆரம்பத்திலேயே இரண்டு கொள்கைகள் எதிரெதிராக நின்றன. ஒன்று, சிறந்தவர் என்று நாம் கருதுவோரை அழைப்போம் என்பது. மற்றையது, நாட்டின் எல்லாப் பகுதிக்கும் ஒரு வாசல் இருக்க வேண்டும் என்பது. முதலாவது, அழைப்பவரின் விருப்பத்தில் தங்கியிருந்தது. இரண்டாவதிலும் ஒரு சங்கடம் இருந்தது. வலிமையான இரண்டு அணிகள் ஒரே மாவட்டத்தில் இருந்துவிட்டால் என்ன செய்வது?

1950இல் அது நடந்தது. 1948, 1949 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசிய சாம்பியனான கென்டக்கியும், வட கரோலைனா ஸ்டேட்டும் ஒரே மாவட்டத்தில் வந்தன. தமக்குள் ஓர் ஆட்டம் ஆடி முடிவு செய்துகொள்ளும்படி யோசனை கூறப்பட்டது. கென்டக்கியின் பயிற்றுநர் அடொல்ஃப் ரப் மறுத்துவிட்டார். இடம் வட கரோலைனா ஸ்டேட்டுக்குப் போனது. நடப்புச் சாம்பியன் பட்டியலிலேயே இல்லை. என்.ஐ.டி.க்குச் சென்ற கென்டக்கி அங்கே நியூயோர்க் நகரக் கல்லூரியிடம் 89–50 என்று படுதோல்வி அடைந்தது. யூதக் குடும்பங்களையும் கறுப்பினக் குடும்பங்களையும் சேர்ந்த பிள்ளைகள் ஆடிய அந்தக் கல்லூரி அணி, அதே ஆண்டில் என்.ஐ.டி., என்.சி.ஏ.ஏ. இரண்டையும் வென்றது. மறு ஆண்டு, சூதாடிகளிடம் பணம் பெற்றுப் புள்ளிகளைக் குறைத்து ஆடியதாக அந்தச் சாம்பியன்களில் பலர் கைது செய்யப்பட்டனர். கென்டக்கியின் முன்னாள் வீரர்களும் அந்த விவகாரத்தில் சிக்கினர். என்.சி.ஏ.ஏ. இறுதியாட்டம் 1950க்குப் பின் மடிசன் ஸ்குவயர் கார்டனுக்குத் திரும்பவேயில்லை.

1951இல் என்.சி.ஏ.ஏ. போட்டி எட்டிலிருந்து பதினாறு அணிகளாக விரிந்தது. குறிப்பிட்ட லீக்குகளின் சாம்பியன்களுக்கு நேரடித் தகுதி வழங்கப்பட்டது. எஞ்சிய இடங்கள் பொது இடங்களாக வைக்கப்பட்டு, குழுவின் தெரிவுக்கு விடப்பட்டன. பல கல்லூரிகள் சேர்ந்து தமக்குள் ஆடும் அமைப்பையே இங்கே லீக் என்கிறேன். நேரடித் தகுதி, பொது இடம் என்ற இந்த இரட்டை முறையே பின்னர் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

தகுதி பெற்றும் போகாதவர்கள்

தெரிவு என்பது பட்டியலோடு முடிவதில்லை. பெயர் பட்டியலில் இருந்தும் மைதானத்துக்குப் போக முடியாதவர்கள் இருந்தார்கள்.

சிறிய கல்லூரிகளுக்கென்று கன்சாஸ் சிட்டியில் நடந்த வேறொரு தேசியச் சுற்றுப்போட்டியில் கறுப்பின வீரர்கள் ஆடத் தடை இருந்தது. 1947இல் இந்தியானா ஸ்டேட் அணிக்கு அழைப்பு வந்தபோது, தனது அணியில் உள்ள கிளாரன்ஸ் வோக்கரை விட்டுவிட்டு வர முடியாது என்று பயிற்றுநர் ஜோன் வுடன் அதை ஏற்க மறுத்தார். பிற்காலத்தில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் பத்துத் தேசியப் பட்டங்களை வென்று கொடுத்தவர் இதே வுடன்தான். 1948இல் தடை நீங்கியது. வோக்கர் ஆடினார்.

மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கதை இதற்கு மறுபுறம். வெள்ளையருக்கு மட்டுமேயான அந்தப் பல்கலைக்கழகத்தின் அணி 1959, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் தேசியப் போட்டிக்குச் செல்லும் உரிமையைப் பெற்றும் செல்லவில்லை. கறுப்பின வீரர்கள் உள்ள அணிகளோடு மிசிசிப்பியின் அரச கல்லூரிகள் விளையாடக் கூடாது என்ற எழுதப்படாத சட்டமே காரணம். 1963இல் மீண்டும் தகுதி கிடைத்தது. பல்கலைக்கழகத் தலைவர் டீன் கொல்வர்ட் இம்முறை அணி செல்லும் என்று அறிவித்தார். எதிர்த்தவர்கள் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றனர். உத்தரவு கையில் கொடுக்கப்படுமுன்பே கொல்வர்டும் பயிற்றுநர் பேப் மக்கார்த்தியும் மாநிலத்தை விட்டு வெளியேறிவிட்டனர். அணியும் மறுநாள் காலை விமானம் ஏறிவிட்டது.

1963 மார்ச் 15ஆம் திகதி மிஷிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங் நகரில் அவர்கள் சந்தித்தது சிக்காகோவின் லொயோலா அணியை. லொயோலாவின் தொடக்க ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர். ஆட்டத்துக்கு முன் இரு அணித் தலைவர்களும், ஜெரி ஹார்க்னஸும் ஜோ டான் கோல்டும், கைகுலுக்கிக்கொண்டபோது புகைப்படக் கருவிகளின் ஒளிவெள்ளம் அரங்கை நிறைத்தது. லொயோலா 61–51 என்று வென்று, பின்னர் தேசிய சாம்பியனும் ஆனது. மிசிசிப்பி ஸ்டேட் தோற்று ஊர் திரும்பியது. ஒரு தகுதியை மதித்து அதைப் பயன்படுத்தியது மட்டுமே அவர்கள் செய்தது. அந்த ஆண்டின் மிசிசிப்பியில் அது சிறிய செயல் அன்று.

விடுபட்டவர்களின் பெயரால் மாறிய விதிகள்

1970இல் மார்க்கெட் பல்கலைக்கழகத்தின் அணி நாட்டின் முதல் பத்துக்குள் இருந்தது. என்.சி.ஏ.ஏ. அதற்கு இடம் தந்தது. ஆனால் ஊருக்கு அருகிலுள்ள பிராந்தியத்தில் அன்றி, தொலைவில் டெக்சாஸில் ஆடும் பிரிவில் தந்தது. பயிற்றுநர் அல் மக்குவயர் அந்த இடத்தை வேண்டாம் என்று கூறிவிட்டு என்.ஐ.டி.க்குச் சென்று அதை வென்று வந்தார். பெரிய சங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. தனது போட்டிக்கு அழைக்கப்பட்ட அணி வேறு போட்டிக்குப் போக முடியாது என்று அது விதி செய்தது. என்.ஐ.டி.யின் சரிவு அதிலிருந்து வேகமடைந்தது. தேசியப் போட்டியின் ஓரத்தில் எஞ்சியவர்களுக்கான போட்டியாக அது சுருங்கியது. அதை நடத்திய நியூயோர்க் கல்லூரிகள் இத்தகைய விதிகள் சந்தைப் போட்டியை ஒழிக்கும் செயல் என்று 2001இல் வழக்குத் தொடுத்தன. 2005இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 5 கோடி 65 இலட்சம் டொலரைக் கொடுத்து என்.சி.ஏ.ஏ. அந்தப் போட்டியையே வாங்கிக்கொண்டது. செய்தியாளர்கள் தொடங்கிய விழா இவ்வாறு அதன் எதிராளியின் சொத்தாகியது.

1974 மார்ச்சில் அட்லாண்டிக் கரையோர லீக்கின் இறுதியாட்டம். நாட்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் இருந்த இரண்டு அணிகள். வட கரோலைனா ஸ்டேட் மேலதிக நேரத்தில் 103–100 என்று மேரிலண்ட்டை வென்றது. ஒரு லீக்குக்கு ஓர் இடம் மட்டுமே என்பது அக்கால விதி. மூன்று புள்ளிகளால் தோற்ற மேரிலண்ட் வீட்டில் இருந்தது. வென்ற அணி நேராகச் சென்று தேசிய சாம்பியனானது. சாம்பியனை மேலதிக நேரம் வரை இழுத்துச் சென்ற ஓர் அணிக்கு நாட்டின் 25 இடங்களில் ஒன்றுகூட இல்லையா என்ற கேள்விக்கு விடை சொல்ல எவராலும் முடியவில்லை. 1975இல் போட்டி 32 அணிகளாக விரிந்தது. ஒரு லீக்கிலிருந்து இரண்டாவது அணியும் வரலாம் என்றாயிற்று. 1976 இறுதியாட்டத்தில் சந்தித்த இந்தியானாவும் மிஷிகனும் ஒரே லீக்கைச் சேர்ந்தவை. 1980இல் 48 அணிகள், 1985இல் 64, 2001இல் 65, 2011இல் 68 என்று பட்டியல் நீண்டது. 2011இல் கடைசி இடங்களுக்கான ஆரம்பச் சுற்றில் ஆட வேண்டியிருந்த வேர்ஜீனியா கொமன்வெல்த் அணி அரையிறுதி வரை சென்றது. அந்த அணியைச் சேர்த்தது தவறு என்று தொலைக்காட்சியில் வாதிட்ட விமர்சகர்கள் இருந்தனர்.

பெண்களின் கதை இன்னும் நீண்டது. 1970களில் கல்லூரிப் பெண்களின் விளையாட்டை நடத்தியது என்.சி.ஏ.ஏ. அன்று. பெண் ஆசிரியர்கள் தலைமையில் இயங்கிய ஒரு தனிச் சங்கம் நடத்தியது. 1982இல் என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான சுற்றுப்போட்டியைத் தொடங்கியதும் அந்தச் சங்கம் நிலைக்க முடியாமல் மூடப்பட்டது. பொறுப்பு மாறியது. மதிப்பு உடனே மாறவில்லை. 2021இல் ஒரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ், ஆண்களுக்கு வழங்கப்பட்ட உடற்பயிற்சிக் கூடத்தையும் பெண்களுக்கு வைக்கப்பட்ட சில எடைத்தூக்குக் கருவிகளையும் ஒரு சிறு காணொளியில் காட்டினார். அதன் பின்னரே சுயாதீன விசாரணை வந்தது. 2022இல் பெண்கள் போட்டியும் 68 அணிகளாயிற்று. ஆண்கள் போட்டிக்கு மட்டும் வைத்திருந்த விளம்பரப் பெயரும் அவர்களுக்குக் கிடைத்தது.

இந்த வரலாற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. விதி தானாக மாறவில்லை. கென்டக்கி, மேரிலண்ட், செடோனா பிரின்ஸ் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் விடுபட்ட ஒருவரின் பெயர் இருக்கிறது. சில சமயம் விதி விடுபட்டவருக்கு வாசலைத் திறந்தது. மார்க்கெட் விடயத்தில் நடந்தது போல, சில சமயம் வெளியேறியவருக்கு எதிராக வாசலை அடைத்தது.

அறைக்குள் இருப்பவர்கள்

ஆண்கள் போட்டியின் தெரிவுக்குழுவில் பன்னிரண்டு பேர். கல்லூரிகளின் விளையாட்டுப் பணிப்பாளர்களும் லீக்குகளின் தலைமை நிருவாகிகளுமே அவர்கள். போட்டியிடும் கல்லூரிகளே போட்டியாளரைத் தெரிவு செய்யும் ஏற்பாடு இது. தமது கல்லூரி பற்றிப் பேசப்படும்போது உறுப்பினர் அறையை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. 2025இல் 31 இடங்கள் லீக் சாம்பியன்களுக்கும் 37 இடங்கள் பொதுத் தெரிவுக்கும் சென்றன.

பொது இடத்துக்கு அளவுகோல் என்ன? 1981 முதல் ஒரு சூத்திரம் பயன்பட்டது. அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு அதில் கால் பங்குதான். எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு அரைப் பங்கு. அந்த எதிரணிகள் சந்தித்த அணிகளின் வெற்றி விகிதத்துக்கு எஞ்சிய கால் பங்கு. அதாவது உன் தகுதியின் முக்கால் பங்கு நீ யாரோடு ஆடினாய் என்பதில் இருந்தது. பெரிய லீக்கில் உள்ளவன் பெரியவர்களோடு ஆடுகிறான். சிறிய கல்லூரியோடு ஆடப் பெரியவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. 2018இல் சூத்திரம் மாற்றப்பட்டது. ஆயினும் பெரிய லீக்குகளின் ஆதிக்கம் குறையவில்லை. 2025இல் தென்கிழக்கு லீக் ஒன்றிலிருந்து மட்டும் 14 அணிகள் இடம் பெற்றன. அதுவரை எந்த லீக்கும் அத்தனை இடங்களைப் பெற்றதில்லை.

பணத்தைச் சொல்லாமல் இதை விளங்கிக்கொள்ள முடியாது. 2010இல் தொலைக்காட்சி நிறுவனங்களோடு 14 ஆண்டுகளுக்குச் செய்யப்பட்ட ஒப்பந்தம் 1,080 கோடி டொலர். 2016இல் அது மேலும் 880 கோடி டொலருக்கு 2032 வரை நீட்டிக்கப்பட்டது. ஓர் அணி ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கைக்கேற்ப அதன் லீக்குக்குப் பங்கு போகிறது. எனவே ஓர் இடம் என்பது கௌரவம் மட்டுமன்று, வருமானமும் ஆகும்.

2025இல் கடைசி இடங்களில் ஒன்று வட கரோலைனாவுக்குக் கிடைத்தது. மேற்கு வேர்ஜீனியா விடுபட்டது. தெரிவுக்குழுவின் தலைவராக இருந்தவர் வட கரோலைனாவின் விளையாட்டுப் பணிப்பாளர். அவர் விதிப்படி அறையை விட்டு வெளியேறினார், வாக்களிக்கவில்லை. இருந்தும் மேற்கு வேர்ஜீனியாவின் ஆளுநர் பத்திரிகையாளர் மாநாடு கூட்டி விசாரணை நடத்தப் போவதாக அறிவித்தார். ஆளுநரின் அறிவிப்பில் அரசியல் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரிவுக்குழுவின் தரப்பில் ஒருவர் அதே இரவில் தொலைக்காட்சியில் தோன்றி, ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்ற கேள்விக்கு முகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. முதலாம் இடத்திலிருந்து கடைசி இடம் வரையான வரிசையும் வெளியிடப்படுகிறது. விடை திருப்தியளிக்காமல் போகலாம். கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது.

நமது பட்டியல்கள்

அணிகளைத் தெரிவு செய்ய அறைக்குள் இருக்கும் குழுதான் வேண்டுமா? இந்தியப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டை இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் நடத்துகிறது. 1925இல் தோன்றிய பல்கலைக்கழகங்களுக்கிடையிலான சபையின் தொடர்ச்சி அது. நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. மண்டலப் போட்டியில் முன்னிலை பெறுவோர் அகில இந்தியப் போட்டிக்கும், அதில் முன்னிலை பெறுவோர் 2020இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கும் செல்கின்றனர். ஆடி வென்றால் இடம். எவரும் அறைக்குள் அமர்ந்து விவாதிக்க வேண்டியதில்லை. இலங்கைப் பாடசாலைகளிலும் வலயம், மாகாணம், அகில இலங்கை என்று இதே படிமுறைதான். பாலாவிப் பிள்ளைகள் புத்தளம் வலயத்தில் வென்றால், வடமேல் மாகாண மட்டத்தில் குருநாகலின் பெரிய பாடசாலைகளைச் சந்திக்க வேண்டும். உள்ளரங்கும் நிரந்தரப் பயிற்றுநரும் உள்ளவர்களோடு அவை இல்லாதவர்கள் மோதும் ஆட்டம் அது. விதியில் பாரபட்சம் இல்லை. மைதானத்துக்கு வருமுன்பே ஏற்பட்ட வேறுபாட்டை அந்த விதி காண்பதுமில்லை.

விளையாட்டை விட்டுக் கல்விக்கு வந்தால் இதே சிக்கல் நமது வாழ்க்கையாகவே இருந்திருக்கிறது. 1971ஆம் ஆண்டின் மருத்துவபீடச் சேர்க்கையில் 400 புள்ளிகளுக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. சிங்களமொழி மூலத்தவருக்கு 229 போதுமாயிருந்தது. தரப்படுத்தல் என்று நாம் அழைக்கும் அந்த ஏற்பாடு பின்னர் 1974இல் மாவட்ட ஒதுக்கீடாக வளர்ந்தது. அது ஒரு தலைமுறை யாழ்ப்பாண இளைஞரை எங்கே கொண்டு சென்றது என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் கூற வேண்டியதில்லை. இன்று பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்கள் என்ற விகிதம் நடைமுறையில் உள்ளது. நேரடித் தகுதியும் பொது இடமும் கலந்த அமெரிக்கப் பட்டியலுக்கு இது வெகு தூரத்தில் இல்லை. 2000களின் தொடக்கத்தில் வந்த இசட் புள்ளி முறையும், ஒருவரின் மதிப்பை மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை வைத்தே கணிக்கிறது. இரண்டு பாடத்திட்டங்களில் தோற்றியோரை ஒன்றாகக் கணித்த 2011ஆம் ஆண்டின் இசட் புள்ளிகளை 2012இல் உயர் நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது.

ஆனால் நான் வாழும் மாவட்டம் புத்தளம். பின்தங்கிய 16 மாவட்டங்களில் அதுவும் ஒன்று. மாவட்ட வாசல் இல்லாவிட்டால் இந்தக் கரையோரக் கிராமங்களிலிருந்து மருத்துவபீடத்துக்கும் பொறியியற்பீடத்துக்கும் எத்தனை பிள்ளைகள் போயிருப்பார்கள்? யாழ்ப்பாணத்தில் அநீதியாக அனுபவிக்கப்பட்ட ஒரு கொள்கை, இங்கே தமிழ் பேசும் ஒரு மீனவரின் அல்லது உப்பளத் தொழிலாளியின் வீட்டில் முதல் பட்டதாரியை உருவாக்கியிருக்கலாம். யாழ்ப்பாணமும் அதே பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளத்திலும் பாலாவியிலும் கற்பிட்டி வீதியோரத்திலும் வந்து குடியேறினர். படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்திலேயே மாணவர் கணிக்கப்படுவர் என்பது பொது விதி. வந்தவர்களின் பிள்ளைகளும் இருந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே ஒதுக்கீட்டை நோக்கி நின்றபோது இரு தரப்பிலும் எழுந்த முணுமுணுப்பை இந்த ஊரில் கேட்டிருக்கிறேன். இருவரும் பாதிக்கப்பட்டவர்கள். இருவருக்கும் நியாயம் இருந்தது.

ஆகவே திறமை மட்டுமே என்று கூறுவோருடனும், பிரதேசம் மட்டுமே என்று கூறுவோருடனும் என்னால் முழுமையாக உடன்பட முடிவதில்லை. எட்டு மாவட்ட முறை கென்டக்கியை வெளியே நிறுத்தியது. மாவட்டமே வேண்டாம் என்றிருந்தால் நியூயோர்க் அரங்கின் வாசலை எட்டாமலே பல ஊர்கள் இருந்திருக்கும். இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பது கணிதத்தால் முடிவாகும் விடயமும் அன்று. அதை மனிதர்கள் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். பட்டியலை எழுதியவர் யார், என்ன அளவுகோலால் எழுதினார், விடுபட்டவர் எங்கே போய்க் கேட்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பகிரங்கமாக இருக்கும்போது, தோற்றவன் அடுத்த பருவத்துக்கு ஆயத்தமாகிறான். அமெரிக்கர்கள் ஒரு பந்தாட்டத்துக்கு இதைப் படிப்படியாகச் செய்ய எண்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்திருக்கிறார்கள், இன்னும் முடிக்கவில்லை. நாங்கள் எமது பிள்ளைகளின் எதிர்காலத்தை முடிவு செய்யும் பட்டியலுக்கு, மொழிவாரியாகப் புள்ளிகளை மாற்றியபோது, பாதிக்கப்பட்டவன் ஏற்கக்கூடிய ஒரு விடையை யாரும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் விலையை இரு இனங்களும் செலுத்தின.

அடுத்த மார்ச்சில் அந்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது, வெளிநாடுகளில் உள்ள வாசகர்கள் பிள்ளைகளோடு அமர்ந்து பட்டியலைப் பார்ப்பார்கள். இடம் பெற்ற தனது அணிகளைப் பற்றி ஒரு பெரிய லீக் பெருமைப்படும். அதே நேரம் ஏதோ ஒரு சிறு நகரத்துக் கல்லூரியின் உள்ளரங்கில், பெயர் வாசிக்கப்படாத இளைஞர்கள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து போவார்கள். அவர்களைப் பற்றியும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். உயர்தரப் பெறுபேறு வெளியாகி, வெட்டுப்புள்ளிக்காக வீட்டில் காத்திருந்த உங்கள் சொந்த மாதங்களையும் அப்போது சொல்லலாம்.